மலையில் ஓடும் ஆட்டோமேட்டிக் காருக்கு கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவது: நீலகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். நடுவே குன்னூர் வழியாக 51 கிலோமீட்டர் சாலை, 14 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் சீராக ஓடும் ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸ் ஆயில் 80, 90 டிகிரியில் நின்றுவிடும். அதே கார் மே மாத சீசனில் பர்லியாறு தாண்டி, முன்னால் போகும் பஸ்ஸை ஒட்டி ஊர்ந்து ஏறினால் 110 டிகிரிக்கு மேல் போய்விடும். ஆயில் கெடுவது அங்கேதான்.

காரணம் டார்க் கன்வெர்ட்டர். சாதாரண கியர் வண்டியில் கிளட்ச் தட்டு செய்யும் வேலையை இதில் ஆயில் செய்கிறது. இன்ஜின் பக்கத்து இறக்கை ஆயிலை வீசுகிறது, கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கை அதை வாங்கிச் சுழல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாதபோது அந்த வித்தியாசத்தால் சூடு உண்டாகிறது. நல்ல வேகம் பிடித்ததும் லாக்கப் கிளட்ச் இரண்டையும் பிணைத்துவிடும். ஊர்ந்து ஏறும்போது அது பிணைக்கவே பிணைக்காது. போதாக்குறைக்கு ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது, நாம் ஆக்ஸிலேட்டரை அதிகம் மிதிக்கிறோம், ரேடியேட்டரைக் குளிர்விக்க வேண்டியதும் அதே மெலிந்த காற்றுதான். 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10, 11 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாக வழங்கும் தோராயக் கணக்கு.

ஆகவே "இந்த ஆயில் வண்டியின் ஆயுளுக்கும் போதும்" என்று ஷோரூமில் சொல்வதை மலையில் இருப்பவர்கள் ஏற்க வேண்டாம். கார் கையேட்டின் பின்பக்கங்களைப் புரட்டுங்கள். கடினமான பயன்பாடு என்று ஒரு தனி அட்டவணை இருக்கும். அந்தப் பட்டியலில் மலைப்பாதை பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். எங்கள் கணக்கு இது: ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் வைத்து ஓட்டும் சொந்தக் காருக்கு 40,000 கிலோமீட்டர் அல்லது 4 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. தினமும் கோவைக்கு இறங்கி ஏறும் டாக்ஸிக்கு 30,000.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது என்ன

கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாமே ஒன்றல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

மாருதியில் ஏஜிஎஸ் என்று எழுதியிருந்தால் அது ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் சாதாரண கிளட்ச் தட்டும்தான். மனிதனின் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரம் கிளட்சையும் கியரையும் இயக்குகிறது. அதற்கு வேண்டியது மேனுவல் கியர் ஆயில். அந்த இயக்கும் கருவிக்குத் தனியாக ஹைட்ராலிக் ஆயில் உண்டு. இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலை அந்த வண்டிக்குப் பொருந்தாது.

சிவிடி என்றால் உள்ளே எஃகு பெல்ட்டும் இரண்டு புல்லிகளும். வேலை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஆயில் வேறு. பெல்ட் வழுக்காமல் புல்லியைப் பிடித்துக்கொள்ளும் தன்மை அந்த ஆயிலில்தான் இருக்கிறது. சாதாரண ஏடிஎஃபை, அதாவது டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கான ஆயிலை, ஊற்றினால் பெல்ட் வழுக்கி புல்லியில் கோடு விழும், அதற்குப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

இரட்டை கிளட்ச் பெட்டியில், அதாவது டிசிடி அல்லது டிஎஸ்ஜியில், உலர் கிளட்ச், நனைந்த கிளட்ச் என்று இரு வகை உண்டு. இரண்டுக்கும் ஆயிலும் முறையும் வேறு. அதைத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள். இனி வருவதெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கும், பெருமளவு சிவிடிக்கும்.

ஆயில் வாங்குவது

கடைக்காரரிடம் "ஏடிஎஃப் ஒரு கேன்" என்று கேட்காதீர்கள். கையேட்டில் உள்ள பெயரை எழுதிக்கொண்டு போங்கள். இன்னோவா கிரிஸ்டாவுக்கு டொயோட்டா டபிள்யூஎஸ். ஹூண்டாயின் பல 6 கியர் பெட்டிகளுக்கு எஸ்பி-4. 2014க்குப் பிந்தைய ஹோண்டா சிட்டி சிவிடிக்கு எச்சிஎஃப்-2. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. டபிள்யூஎஸ் மெலிந்த ஆயில். அதன் இடத்தில் பழைய டெக்ஸ்ரான் 3 போன்ற தடித்த ஆயிலை ஊற்றினால், டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் ரிவர்ஸ் போட்டதும் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டு உதறி நகரும். உள்ளே ஆயில் போய்ச் சேரத் தாமதமாவதன் அறிகுறி அது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று லேபிளில் அச்சிட்ட ஆயிலைவிட, உங்கள் வண்டிக்கான பெயர் நேரடியாக இருப்பதே நல்லது.

திறந்த கேனை மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் வீட்டுச் சுவரே கசியும். ஏடிஎஃப் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் கிளட்ச் தட்டுகளின் காகித மேற்பரப்பில் ஏறினால் பசை விட்டுப்போகும். ஒரு லிட்டர் டப்பாக்களாக வாங்கினால் மிச்சம் மூடியபடியே இருக்கும்.

எவ்வளவு ஊற்ற வேண்டும், எந்த முறையில்

பல வண்டிகளில் பெட்டியில் மொத்தம் 7 முதல் 9 லிட்டர் பிடிக்கும். அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றினால் வருவது 3 முதல் 4 லிட்டர் மட்டுமே. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் நின்றுவிடுகிறது. 8 லிட்டரில் 4 மாறினால் பாதி புதிது. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை அப்படியே செய்தால் 75 சதவீதம், மூன்றாம் முறை 87. இடையில் 300, 500 கிலோமீட்டர் ஓடினால் போதும், ஆயில் நன்றாகக் கலந்துவிடும். மூன்று முறைக்கும் சேர்த்து 12 லிட்டர் செலவாகும்.

ஃபிளஷ் மெஷின் கூலர் குழாயில் இணைந்து, பழையதை வெளியே தள்ளிப் புதியதை உள்ளே விடும். அதற்கும் 10, 12 லிட்டர் ஆகும், ஆனால் ஒரே மூச்சில் முடியும். வண்டியின் சொந்த பம்ப் தரும் அழுத்தத்திலேயே வேலை செய்யும் மெஷின் என்றால், ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்குக் கெடுதல் இல்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி ஒரு தடவைகூட மாற்றாத வண்டிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். படிந்து கிடக்கும் கசடு ஒரேயடியாகக் கிளம்பி கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியின் மெல்லிய துளைகளில் போய் அடைக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு டிரெயின், பிறகு 1,000 கிலோமீட்டர், பிறகு இன்னொன்று என்று நிதானமாகப் போங்கள்.

"ஆயில் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் நடப்பது வேறு. கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் பலர் ஆயில் மாற்ற வருகிறார்கள். அதற்குள் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கும். புது ஆயில் தேய்ந்த தட்டை வளர்க்காது. ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறவில்லை என்ற நிலை வந்துவிட்டால், ஆயிலுக்குச் செலவழிப்பதற்கு முன் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதே முறை.

சமதளம்

மலையில் இந்த வேலையில் மிகவும் கஷ்டமானது இதுதான். ஊட்டியிலும் குன்னூரிலும் வீட்டு முன்னால் வண்டி நிறுத்தும் இடம் ஏதாவது ஒரு பக்கம் சரிந்தேதான் இருக்கும். சரிவில் ஜாக்கி போடவே கூடாது, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆயில் அளவு பார்ப்பதற்கும் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சேம்பர் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதால், வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி அரை லிட்டர் வரை தவறாகக் காட்டும்.

வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் பள்ளம் (பிட்) உள்ள ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரம் இடம் கேட்டு வாங்குவது சிறந்தது. வீட்டில்தான் என்றால் கான்கிரீட் போட்ட சமமான இடம் வேண்டும். நான்கு ஸ்டாண்டும் வேண்டும், முன்பக்கம் மட்டும் தூக்கினால் அளவு பார்க்க முடியாது. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு விளிம்பில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, ஸ்டாண்டுகளின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

பாக்ஸ் ஸ்பேனர் செட், ஆலன் கீ செட், டார்க் ரெஞ்ச். டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர். அளவுக் கோடு போட்ட 5 லிட்டர் கேன் இரண்டு. நீளக் குழாய் வைத்த புனல், அல்லது கையால் அடிக்கும் ஆயில் பம்ப். ஆயில் சூடு காட்டும் ஓபிடி ஸ்கேனர், அதாவது காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி. ஸ்கேனர் இல்லையென்றால் சேம்பர் மேல் காட்டிப் பார்க்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், அது சில டிகிரி முன்பின் காட்டும்.

துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் வேண்டாம். இன்ஜின் வேலைக்கு அது சரி, இங்கே ஒரு நூல் உள்ளே போனாலும் ஃபில்டரிலோ வால்விலோ சிக்கும். நூல் உதிராத துணியோ தடித்த டிஷ்யூ பேப்பரோ பயன்படுத்துங்கள். கியர்பாக்ஸுக்கு அழுக்குதான் முதல் எதிரி. ஆகவே பிளக்குகளைச் சுற்றி முதலில் கழுவிக் காயவிட்டுவிட்டே திறக்க வேண்டும்.

வேலை

வண்டியைச் சிறிது நேரம் ஐட்லிங்கில் விட்டு ஆயிலை வெதுவெதுப்பாக்குங்கள், 40 டிகிரி போதும். குன்னூர் ஏற்றம் ஏறி வந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும்.

அடுத்து எதையும் கழற்றுவதற்கு முன், ஆயில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். டிரெயினைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே விட்ட பிறகு மேல் பிளக் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்கும், டோ பண்ணித்தான் எடுத்துப் போக வேண்டும். சில வண்டியில் அந்தப் பிளக் பேட்டரிக்கோ ஏர் ஃபில்டர் பெட்டிக்கோ அடியில் ஒளிந்திருக்கும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உள்ள பழைய வண்டியில் அந்தக் குழாய் வழியாகவே ஊற்றலாம்.

இப்போது டிரெயின் பிளக். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முன்சக்கரத்தால் ஓடும் பல வண்டிகளில், குறிப்பாக ஐசின் தயாரித்த 6 கியர் பெட்டிகளில், டிரெயின் துளைக்குள்ளேயே ஒரு நெட்டுக்குழாய் நிற்கும். வெளிப் பிளக்கைக் கழற்றியதும் ஒரு கப் ஆயில் வந்து நின்றுவிடும். "இவ்வளவுதான் ஆயில் இருந்திருக்கிறது" என்று பயப்பட வேண்டாம். உள்ளே ஆலன் கீயால் அந்தக் குழாயையும் கழற்றினால்தான் முழுதாக வரும். ஊற்றுவதற்கு முன் அதைத் திரும்ப மாட்ட மறந்தால் நீங்கள் ஊற்றுவதெல்லாம் தரைக்குப் போகும்.

சொட்டு நிற்கும்வரை, இருபது நிமிடமாவது விடுங்கள். வந்த ஆயிலைக் கேனில் ஊற்றி எத்தனை லிட்டர் எத்தனை மில்லி என்று எழுதி வையுங்கள். இந்த எண்தான் நீங்கள் திரும்ப ஊற்ற வேண்டிய அளவின் தொடக்கம்.

சேம்பரைக் கழற்றி ஃபில்டர் மாற்றும் அமைப்பு உள்ள வண்டியாக இருந்தால் இப்போதே செய்துவிடுங்கள். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்தி, ஒரு மூலையைக் கடைசியில் விட்டால் மீதி ஆயில் அந்தப் பக்கமாக வழியும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது. சேம்பர் போல்ட்டுகளுக்கு வேண்டிய இறுக்கம் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியதுதான், விரலளவு பலம். பலத்தைக் காட்டினால் சேம்பர் வளையும் அல்லது மரை போகும், பிறகு ஒழுகல் நிற்கவே நிற்காது. சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

சேம்பரில் காந்தம் ஒட்டியிருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மாவுபோல் படிந்திருப்பது இயல்பான தேய்மானம். துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வையுங்கள். கையில் குத்தும் எஃகுச் சில்லு, பித்தளை நிறத் துணுக்கு இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. அதைப் பார்த்த பிறகும் புது ஆயிலை ஊற்றிக் கோவைக்கு இறங்கக்கூடாது.

வந்த ஆயிலையும் வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். பழுப்பேறியிருப்பது வயது. கருத்துக் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் நிறத்தில் நுரைத்திருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் பிளந்து கூலன்ட் கலந்துவிட்டது. அது அவசரம், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போக வேண்டும். சிவிடி ஆயிலில் சில பச்சையாகவும் நீலமாகவும் வரும், அவற்றின் நிறத்தைச் சிவப்போடு ஒப்பிட வேண்டாம்.

புது வாஷர் போட்டு டிரெயின் பிளக்கை இறுக்கி, வெளியே வந்த அளவை அப்படியே மெதுவாக ஊற்றுங்கள். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி, எல் என்று ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நொடி நிறுத்தி மீண்டும் பிக்குக் கொண்டுவாருங்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, சக்கரம் சுழலும் என்பதை மறக்காதீர்கள். பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது.

அளவு பார்ப்பது

இந்த வேலையின் வெற்றி தோல்வி இங்கேதான். ஆயில் சூட்டில் விரியும். 8 லிட்டர் ஆயில் ஊட்டியின் 10 டிகிரி காலையிலிருந்து 70 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 350 மில்லி கூடுகிறது. குளிரில் "சரியாக" நிரப்பிய பெட்டி சூட்டில் நிரம்பி வழியும், அல்லது உள்ளே சுழலும் பற்சக்கரங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, கியர் வழுக்கும். குறைந்தாலோ இன்னும் மோசம். கொண்டை ஊசி வளைவில் வண்டி மூக்கைத் தூக்கித் திரும்பும்போது ஆயில் பின்பக்கம் ஓடி, பம்ப் காற்றை உறிஞ்சும். சமவெளியில் தெரியாத 300 மில்லி குறை கல்லட்டி மலைச்சாலையின் 36 வளைவுகளில் தெரிந்துவிடும்.

பல டொயோட்டா பெட்டிகளில் 40 டிகிரியை ஒட்டிப் பார்க்கச் சொல்வார்கள், ஹூண்டாயின் 6 கியர் பெட்டிகளில் 50 முதல் 60. இன்ஜின் ஐட்லிங்கில், கியர் பியில், ஏசி அணைந்து, வண்டி மட்டத்தில். அந்தச் சூட்டை எட்டியதும் ஆயில் அளவு பார்ப்பதற்கான செக் பிளக்கைத் திறந்தால் மெல்லிய நூலாக வழிந்து சொட்டாக மாற வேண்டும். சொட்டாக மாறிய நொடியில் மூடுங்கள். எதுவுமே வரவில்லை என்றால் மேலே 200 மில்லி விட்டு மறுபடியும் பாருங்கள். கொட்டிக்கொண்டே இருந்தால் சொட்டாகும்வரை விடுங்கள். குளிர்காலக் காலையில் 40 டிகிரி வரவே இருபது நிமிடமாகும். அவசரப்பட்டு 25 டிகிரியில் பார்த்தால், சரியான சூட்டை அடையும்போது ஆயில் கூடிவிடும். டிப்ஸ்டிக் உள்ள வண்டியில் ஹாட் கோட்டை மட்டும் நம்புங்கள், 15 கிலோமீட்டர் ஓட்டி வந்த பிறகு.

மாற்றிய பிறகு

முதல் 100 கிலோமீட்டர் மென்மையாக ஓட்டுங்கள். சில வண்டியில் கியர் மாறும்போது லேசாக உதறும், கம்ப்யூட்டர் புது ஆயிலின் பிடிப்பைக் கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும். 200 கிலோமீட்டருக்குப் பிறகும் உதறினால் ஸ்கேனரில் அடாப்டேஷன் ரீசெட், அதாவது கம்ப்யூட்டர் பழையதை மறந்து புதிதாகக் கற்கும்படி, செய்யச் சொல்லுங்கள். முதல் வாரம் காலையில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துச் சொட்டு விழுகிறதா பாருங்கள்.

போட்ட ஆயில் நீடிக்க இரண்டு பழக்கம். ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டு வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். கன்வெர்ட்டருக்குள் ஆயில் வெந்துபோவது அப்போதுதான். பிரேக்கையோ ஹேண்ட் பிரேக்கையோ பயன்படுத்துங்கள். ஊர்ந்து போகும்போது எல் அல்லது மேனுவல் 1க்கு இறக்கிக்கொள்ளுங்கள், பெட்டி 1, 2 என்று மாறி மாறித் தேடாது. இறக்கத்தில் நியூட்ரலில் விடவே கூடாது. இன்ஜின் பிடிப்பு போய் பிரேக் ஒன்றுதான் மிஞ்சும், கோத்தகிரி இறக்கத்தில் அது வெந்து பிடிக்காமல் போகும்.

பழைய ஆயில்

சாக்கடையிலோ தேயிலைத் தோட்டத்து ஓடையிலோ ஊற்றாதீர்கள். குன்னூர் ஆறு பவானியில் கலக்கிறது, கீழே மேட்டுப்பாளையம் முதல் ஈரோடு வரை ஆட்கள் குடிக்கிற தண்ணீர் அது. பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே போக வேண்டும். காலி கேனில் ஊற்றி மூடி, டிரம்மில் சேர்த்து அப்படி அனுப்பும் பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கூலன்ட், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்க வேண்டாம், கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்புக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தேதி, கிலோமீட்டர், ஆயில் பெயர், ஊற்றிய லிட்டர் ஆகியவற்றை ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். மூன்று முறை டிரெயின் செய்பவர்கள் அடுத்த முறைக்கான கிலோமீட்டரையும் அதிலேயே குறித்துக்கொள்ளலாம்.